நாய்க்கு மட்டும்: தெள்ளுப்பூச்சி மருந்துகளின் கதை

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நாயின் காது மடலுக்குள் ஆமணக்கு விதை மாதிரி உப்பிக்கொண்டு அசையாமல் ஒட்டிக் கிடக்கிறதே, அது உண்ணி. அதற்கு எட்டுக் கால், சிலந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. மனிதர் தலையில் ஊர்வது பேன். இந்தக் கட்டுரையில் வருவது இரண்டுமே இல்லை. பக்கவாட்டில் நசுங்கிய எள் மாதிரி, ஆறு காலோடு, விரலால் அமுக்கப் போவதற்குள் எகிறிக் குதித்துக் காணாமல் போகிற பூச்சி ஒன்று உண்டு. அதுதான் தெள்ளு, அல்லது தெள்ளுப்பூச்சி. நம் வீடுகளில் பலர் இதையும் "உண்ணி" என்றே சொல்லி மருந்து வாங்கி வந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் பல நேரம் ஒரே மருந்துதான் என்பதால் அதில் பெரிய பாதகமில்லை. பாதகம் வருவது வேறு இடத்தில். மருந்து நாய்க்கா, பூனைக்கா என்பதில்.

வேடிக்கை என்னவென்றால், நாயின் மேல் ஓடுகிற தெள்ளும் பெரும்பாலும் "பூனைத் தெள்ளு" என்ற இனம்தான். பூச்சி ஒன்று, அது குடிப்பதும் ரத்தம்தான். ஆனால் அதைக் கொல்ல நாயின் முதுகில் தடவுகிற சில மருந்துகளை அப்படியே பூனையின் முதுகில் தடவினால் பூனை செத்துப்போகும். இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொள்ள நிறையப் பூனைகள் செலவாகியிருக்கின்றன.

கடந்த நூற்றைம்பது வருடத்தில் தெள்ளுக்கு எதிராக வந்த ஒவ்வொரு மருந்தும் "பழையது ஆபத்து, இது பாதுகாப்பானது" என்று சொல்லிக்கொண்டுதான் கடைக்கு வந்தது. பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விதத்தில் முந்தையதைவிட மேல்தான். ஆனால் "யாருக்குப் பாதுகாப்பு?" என்ற கேள்விக்குப் பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் தாமதமாகத்தான் வந்தது.

கதை ஒரு பூவில் ஆரம்பிக்கிறது. இன்றைய குரோவேஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில் வளரும், சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைப் பூ. இதைக் காயவைத்து அரைத்த பொடிதான் 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பூச்சி மருந்து. பாரசீகப் பொடி, டால்மேஷியப் பொடி என்றெல்லாம் பெயர். வியன்னாவில் யோஹான் ஸாக்கெர்ல் என்பவர் "ஸாக்கெர்லின்" என்ற பெயரில் இதை விற்றுப் பெரும் தொழிலதிபரானார். மூட்டைப்பூச்சிக்கும் இதுதான், நாயின் தெள்ளுக்கும் இதுதான். பூவில் உள்ள நஞ்சுக்கு பைரித்ரின் என்று பெயர். நம் வீட்டுக் கொசுவத்திச் சுருளும் இந்தப் பூவில் பிறந்ததுதான். ஜப்பானில் எய்ச்சிரோ உயேயாமா 1890-களில் இந்தப் பூப்பொடியை ஊதுபத்தி போலச் செய்து, பிறகு சுருளாக மாற்றினார்.

பைரித்ரினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும், வீட்டிலும் உடம்பிலும் தங்காது. வியாபாரிகளுக்கு அதுவே கெட்ட குணம்! இன்று கொன்றால் நாளை மறுபடி தெள்ளு ஏறிக்கொள்ளும். கூடவே டெர்ரிஸ் என்ற கொடியின் வேரிலிருந்து எடுத்த ரோட்டினோன் என்ற பொடியும் நாய், பூனைகளுக்குப் புழங்கியது. தென்கிழக்காசிய மக்கள் இந்த வேரை நசுக்கி ஆற்றில் போட்டு மீன் பிடிப்பார்கள். மீனுக்கு எமனான சரக்கை நாய்க்கு "மூலிகைப் பவுடர்" போலப் போட்டார்கள். மூலிகை என்றாலே நல்லது என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

அடுத்து வந்தது டி.டி.டி. 1874-லேயே ஓர் ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்டு, எதற்கு உதவும் என்று தெரியாமல் கிடந்த பொருள் இது. 1939-ல் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் பால் முல்லர் அதன் பூச்சி கொல்லும் சக்தியைக் கண்டுபிடித்தார். 1943-44 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகரத்தில் பேன் மூலம் பரவிய டைஃபஸ் காய்ச்சலை அடக்க மக்களின் சட்டைக்குள்ளேயே டி.டி.டி.யைப் பம்பு வைத்து அடித்தார்கள். 1948-ல் முல்லருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு. மனிதனுக்கே அடிக்கிறபோது நாய்க்கு என்ன? போர் முடிந்ததும் அமெரிக்கக் கடைகளில் டி.டி.டி. கலந்த நாய்ப் பவுடர்கள் வந்துவிட்டன.

பூனை விஷயத்தில் முதல் எச்சரிக்கை மணி அடித்தது அப்போதுதான். நாய்க்கு டி.டி.டி. போடுங்கள், பூனைக்கு வேண்டாம், ரோட்டினோனோ பைரித்ரமோ போதும் என்று அந்தக் காலத்திலேயே பிரித்துச் சொன்னார்கள். காரணம் எளிமையானது. பூனை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைத் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கிற பிராணி. முதுகில் போட்டதெல்லாம் கடைசியில் வயிற்றுக்குள் போகும். ஆக, "வெளிப்பூச்சு மருந்து" என்ற ஒன்று பூனைக்குக் கிடையவே கிடையாது. இது 1940-களில் தெரிந்த விஷயம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டி.டி.டி.யின் மிச்சக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1962-ல் ரேச்சல் கார்சனின் "மௌன வசந்தம்" வந்தது. 1970-ல் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொடங்கப்பட்டது. 1972-ல் அந்த முகமை டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை போட்டது. அதற்குள் தெள்ளு வியாபாரம் வேறொரு ரசாயனத்துக்குத் தாவிவிட்டிருந்தது.

அந்த ரசாயனக் குடும்பத்தின் பெயர் ஆர்கனோபாஸ்பேட். இதன் பிறப்பு கொஞ்சம் பயங்கரமானது. 1936 டிசம்பரில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது டாபுன். மனிதனைச் சில நிமிடங்களில் கொல்லும் நரம்பு வாயு. 1938-ல் அதே தேடலில் சாரின் வந்தது. இவற்றின் வீரியம் குறைந்த ஒன்றுவிட்ட தம்பிகள்தான் மாலத்தியான், டைகுளோர்வாஸ், குளோர்பைரிபாஸ், டெட்ராகுளோர்வின்பாஸ் எல்லாம். வேலை செய்யும் விதம் ஒன்றுதான். நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோக அசிட்டைல்கோலின் என்ற பொருள் உண்டு. சேதி சொன்னதும் அதைத் துடைத்துப்போட ஒரு நொதி உண்டு. இந்த மருந்துகள் அந்த நொதியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். சேதி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். பூச்சி துடிதுடித்துச் சாகும். தெள்ளு, நாய், பூனை, மனிதன் எல்லோருக்கும் இதே நொதிதான், அளவில்தான் வித்தியாசம்.

1960-களில் இந்தக் குடும்பத்தை வைத்து ஒரு சாமர்த்தியமான யோசனை பிறந்தது. டைகுளோர்வாஸைப் பிளாஸ்டிக்கில் கலந்து வார்த்தால் மருந்து மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஷெல் நிறுவனம் இதை வீட்டில் தொங்கவிடும் பட்டையாக விற்றது. அதையே ஒல்லியாக வெட்டிப் பக்கிள் வைத்தால் நாயின் கழுத்துப்பட்டை! தெள்ளுப் பட்டை பிறந்த கதை இதுதான். பவுடர் தும்ம வைக்கும், குளிப்பாட்டும் மருந்தென்றால் நாய் வீடு முழுக்க உதறும். பட்டையென்றால் ஒரு தடவை மாட்டிவிட்டு மறந்துவிடலாம். மக்கள் மறந்தும்விட்டார்கள். பிரச்சினையே அதுதான்.

ஏனென்றால் பட்டையிலிருந்து கசியும் மருந்து கழுத்தோடு நிற்காது. ரோமம் முழுக்கப் பரவினால்தானே தெள்ளு சாகும்? அந்த ரோமத்தைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொள்கிறது வீட்டுக் குழந்தை. பிறகு அதே கையை வாயில் வைக்கிறது. பல வருடங்களாக இதைக் கணக்கில் கொண்டுவந்தவர் யாருமில்லை. அமெரிக்கச் சட்டத்தில் வெளியே போடும் தெள்ளு மருந்து கால்நடை மருந்தே அல்ல, பூச்சிக்கொல்லி. வயலுக்கு அடிக்கும் சரக்கோடு சேர்த்து 1947-ம் வருடச் சட்டத்தின் கீழ் வரும். வாய்வழியாகக் கொடுக்கும் மாத்திரை என்றால் உணவு-மருந்து நிர்வாகத்தின் கையில். ஒரே நாய், ஒரே தெள்ளு, இரண்டு இலாகா! வயலைப் பார்த்துப் பழகிய இலாகாவுக்குச் சோபாவில் நாயோடு தூங்கும் குழந்தை கண்ணில் படத் தாமதமானதில் ஆச்சரியமில்லை.

1996-ல் அமெரிக்காவில் உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது இரண்டு முக்கியமான விஷயங்களைச் சொன்னது. ஒன்று, ஒரே விதத்தில் உடலைத் தாக்கும் பூச்சிக்கொல்லிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இரண்டு, குழந்தைகளுக்கு என்று கூடுதலாகப் பத்து மடங்கு வரை பாதுகாப்பு இடைவெளி வைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டதும் ஆர்கனோபாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 2000-ல் குளோர்பைரிபாஸின் வீட்டு உபயோகங்களை நிறுத்த ஒப்பந்தம், அதே வருடக் கடைசியில் டயாசினானுக்கும். இயற்கை வளப் பாதுகாப்புக் குழு என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு 2000-லும் 2009-லும் செல்லப்பிராணி மருந்துகளைப் பற்றித் தனியாகவே அறிக்கை விட்டது.

இதற்கிடையில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சி சாதாரணமானது போலத் தோன்றும், ஆனால் அருமையான ஆராய்ச்சி. டெட்ராகுளோர்வின்பாஸ் பட்டை போட்ட வீட்டு நாய்களை வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் தடவிக்கொடுத்தார்கள். பிறகு கையுறையைச் சோதித்தார்கள். அந்த வீட்டுக் குழந்தைகள் போட்டிருந்த டி-சட்டையையும் சிறுநீரையும்கூடச் சோதித்தார்கள். கையுறையில் மருந்து, சட்டையில் மருந்து, சிறுநீரில் அதன் சிதைவுப்பொருள். 2008-ல் வெளியான கட்டுரை இது. பட்டை வந்து நாற்பது வருடம் கழித்து! ஒரு ஜோடி பருத்திக் கையுறைக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

பிறகும் அரசு இயந்திரம் நத்தை வேகத்தில்தான் நகர்ந்தது. இதே நொதியைத் தாக்கும் இன்னொரு குடும்பத்தின் ப்ரோபாக்சர் பட்டைகளை நிறுத்த 2014-ல் நிறுவனங்களோடு உடன்பாடு ஏற்பட்டது, 2016-ல் நிறுவனங்களின் விநியோகம் நின்றது. டெட்ராகுளோர்வின்பாஸ் பட்டைகளை நிறுத்தச் சொல்லி 2009-ல் கொடுத்த மனுவை முகமை 2014-ல் ஒரு தடவை, 2020-ல் இன்னொரு தடவை தள்ளுபடி செய்தது. அந்தத் தள்ளுபடிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மனு கொடுத்தபோது தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை அப்போது பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்துக்கொண்டிருக்கும்.

சரி, பூனைக்கு வருவோம்.

பைரித்ரினை வெயிலில் சிதையாமல் செய்ய முடியுமா என்ற கேள்வி வேதியியலாளர்களை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. 1949-ல் அமெரிக்காவில் அல்லெத்ரின் என்ற செயற்கைச் சரக்கு வந்தது. கொசுவத்திப் பெட்டிகளில் பொடி எழுத்தில் இந்தப் பெயரைப் பார்த்திருக்கலாம். ஆனால் அதுவும் வெயில் தாங்காது. கடைசியில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் அவரது குழுவினரும் சாதித்தார்கள். 1973-ல் அவர்கள் அறிவித்த பெர்மெத்ரின் வெயில் தாங்கியது, பூச்சியைக் கொன்றது, பாலூட்டிகளை அதிகம் பாதிக்கவில்லை. உண்மையிலேயே பெரிய சாதனை. கொசு வலையில் தோய்ப்பது, சொறிசிரங்குக்கு மனிதத் தோலில் பூசுவது என்று இன்றைக்கும் உலகம் முழுக்க உயிர் காக்கும் மருந்து அது. "பாலூட்டிகளை அதிகம் பாதிக்கவில்லை" என்று சொன்னார்களே, அந்தப் பாலூட்டிகளில் எலி உண்டு, நாய் உண்டு, மனிதன் உண்டு. பூனையின் ஈரல் மட்டும் அந்தக் கணக்கில் சேராது.

நம் ஈரல் பல நஞ்சுகளை ஒரு சர்க்கரை மூலக்கூறோடு முடிச்சுப் போட்டுச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. இதைச் செய்ய ஒரு நொதிக் கூட்டமே உண்டு. அதில் ஒரு முக்கிய நொதிக்கான மரபணு பூனையில் உடைந்து போய்க் கிடக்கிறது என்பதை 2000-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மரபணு இருக்கிறது, ஆனால் வேலை செய்யாது. மனிதனுக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொல்லக்கூடியதாக இருப்பது இதனால்தான். (பூனைக்கு உடம்பு சுடுகிறதே என்று தயவுசெய்து பாதி மாத்திரைகூடக் கொடுத்துவிடாதீர்கள்.) பெர்மெத்ரினைப் பூனையால் வேகமாகக் கழிக்க முடியாமல் போவதற்கும் இந்த நொதிக் குறைபாடுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2011-ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் சுவாரசியம். சிறுத்தை, சிங்கம் உட்பட பூனைக் குடும்பம் முழுவதிலும் அந்த மரபணு பழுது. பழுப்புக் கழுதைப்புலியிலும் வடக்கு யானைச் சீலிலும்கூட. எல்லாமே சுத்த அசைவங்கள்! இலை தழை தின்கிற பிராணிக்குத்தான் தாவரங்களின் நஞ்சை முறிக்கிற வேலை தினமும் இருக்கும். இறைச்சி மட்டுமே தின்னும் பரம்பரைக்கு அந்தக் கருவி தேவைப்படவில்லை, துருப்பிடித்து விட்டுப்போய்விட்டது என்பது ஆய்வாளர்களின் ஊகம். பல லட்சம் வருடமாக எந்தப் பூவையும் தின்னாத ஒரு பிராணியின் முதுகில், பூவின் நஞ்சைப் பார்த்துச் செய்த ரசாயனத்தை மனிதன் கொண்டுபோய் ஊற்றினான்.

எப்படி ஊற்றினான்? 1990-களில் "ஸ்பாட்-ஆன்" என்ற புது வடிவம் வந்தது. சுண்டுவிரல் அளவுப் பிளாஸ்டிக் குப்பி. முனையைக் கிள்ளி, பிராணியின் தோள்பட்டைகளுக்கு நடுவில் சொட்டு விட்டால் தோலின் எண்ணெயோடு கலந்து உடம்பு முழுக்கப் பரவும். மாதம் ஒரு தடவை போதும். நாய்களுக்கான பெர்மெத்ரின் குப்பிகளில் மருந்தின் அளவு 45 முதல் 65 சதவீதம் வரை இருந்தது. இதில் 45 சதவீதக் குப்பியை எடுத்துக்கொண்டால் 1 மில்லியில் 450 மில்லிகிராம். நாலரைக் கிலோ பூனையின் மேல் அந்த ஒரு மில்லி விழுந்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். உயிருக்கு ஆபத்தான அளவு.

பூனைக்குச் சில மணி நேரத்தில் காது துடிக்க ஆரம்பிக்கும். பிறகு பாதங்களை உதறும், உடம்பு முழுக்க நடுக்கம், எச்சில், கடைசியில் வலிப்பு. நரம்பில் சோடியம் போய்வரும் வாசல்களை இந்த மருந்து மூடவிடாமல் பிடித்துக்கொள்வதால் நரம்பு ஓயாமல் சுட்டுக்கொண்டே இருக்கும். முறிமருந்து கிடையாது. பாத்திரம் கழுவும் சோப்பால் பூனையைக் குளிப்பாட்டி, நடுக்கத்தை அடக்கும் மருந்து கொடுத்து, இரண்டு மூன்று நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நேரத்தில் கொண்டுவந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

குப்பியின் அட்டையில் "நாய்க்கு மட்டும்" என்று எழுதியிருந்தது உண்மை. நிறுவனங்கள் எப்போதும் அதைத்தான் சுட்டிக்காட்டின. ஆனால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாயும் பூனையும் வளர்க்கிற வீடு. பெரிய நாய்க்கு வாங்கிய குப்பி. பூனை சின்னதுதானே, நாலில் ஒரு பங்கு விட்டால் போதும் என்று தோன்றுவது இயற்கை. குழந்தைக்கு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துப் பழகிய மனிதன் எடையைத்தான் யோசிப்பான், ஈரலை யோசிக்க மாட்டான். பல பூனைகளுக்கு மருந்தே போடவில்லை, மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்ததிலும் அதை நக்கியதிலுமே விஷம் ஏறியது. அதற்கு எந்த அட்டை என்ன செய்யும்? பிரிட்டனில் இந்தக் குப்பிகளைக் கால்நடை மருத்துவர் சீட்டே இல்லாமல் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கலாம். கேள்வி கேட்க எதிரில் ஒரு ஆள் கூட இல்லை.

1999-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் இப்படித் தவறாக மருந்து போடப்பட்ட பூனைகளைப் பற்றிய கட்டுரை வந்தது. 2007-ல் லண்டனில் உள்ள கால்நடை நச்சுத் தகவல் மையம் தன்னிடம் வந்த 286 பூனைகளின் கணக்கை வெளியிட்டது. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் விஷக்குறிகள், பத்தில் ஒன்று இறந்தது அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 269 மருத்துவர்களிடம் கேட்டு 2010-ல் வெளியிட்ட கணக்கு இன்னும் மோசம். இரண்டே வருடத்தில் 750 பூனைகள், 166 இறப்பு. அதில் ஒரு பகுதி, சிகிச்சைச் செலவைத் தாங்க முடியாமல் வளர்த்தவர்களே ஊசி போடச் சொன்னவை. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நாய்க் குப்பியைப் பங்கு போட்டவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்…

அதே சமயம் அமெரிக்காவிலும் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஸ்பாட்-ஆன் மருந்துகளைப் பற்றி 2007-ல் சுமார் 28,000 புகார்கள், 2008-ல் சுமார் 44,000. முகமை 2009-ல் விசாரணை தொடங்கி 2010-ல் முடிவு சொன்னது. பெரும்பாலானவை தோல் எரிச்சல் போன்ற சின்ன விஷயங்கள், ஆனால் இறப்புகளும் உண்டு. சின்ன நாய்களுக்குப் பாதிப்பு அதிகம், எடை வரம்புகள் மிக அகலமாக இருக்கின்றன. நாய் மருந்து பூனைக்குப் போய்ச் சேர்கிறது, லேபிள் இன்னும் தெளிவாக வேண்டும். படிக்கும்போது சிரிப்பு வரும். பூனை நக்கும் என்று 1940-களில் தெரிந்த சங்கதிக்கு 2010-ல் பெரிய எழுத்து லேபிள்!

நம் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. மாட்டு உண்ணிக்கு விற்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் எல்லாம் பெர்மெத்ரினின் உடன்பிறப்புகள். மாட்டுக்கு வாங்கியதில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது கிராமங்களில் சகஜம். அந்த ஈர நாய் போய்ப் படுக்கும் திண்ணையில்தான் பூனையும் படுக்கிறது.

நஞ்சே இல்லாத வழி கிடையாதா என்றால், பாதி வழி உண்டு. அதன் கதை காகிதத்தில் ஆரம்பிக்கிறது. 1960-களின் நடுவில் பிராகிலிருந்து ஹார்வர்டுக்கு வந்த காரெல் ஸ்லாமா தன்னோடு கொண்டுவந்த ஒரு வகைச் சிவப்புப் பூச்சிகளை வளர்த்தார். எல்லாம் பெரிய குஞ்சுகளாகவே இருந்தன, எதுவும் முழுப்பூச்சியாக மாறவில்லை. அவரும் கேரல் வில்லியம்ஸும் தேடித் தேடிக் கண்டுபிடித்த குற்றவாளி, கூண்டில் விரித்திருந்த பேப்பர் துண்டு! அமெரிக்கக் காகிதம் செய்யும் ஒரு மரத்தில் பூச்சியின் இளமை ஹார்மோன் போன்ற பொருள் இருந்தது. "நியூயார்க் டைம்ஸ்" தாளை விரித்தாலும் பூச்சி வளரவில்லை, லண்டன் "டைம்ஸ்" தாளில் நன்றாக வளர்ந்தது. பூச்சியைக் கொல்லாமல் வளர விடாமல் செய்யலாம் என்ற யோசனை வலுப்பெற்றது. 1970-களில் ஸோய்கான் நிறுவனம் மெத்தோப்ரீனைச் செய்தது. (கருத்தடை மாத்திரைக்குப் பேர்போன கார்ல் ஜெராஸிதான் அதன் தலைவர். மனிதனுக்கும் தெள்ளுக்கும் ஒரே ஆள் குடும்பக் கட்டுப்பாடு!) 1990-களில் பூச்சியின் ஓட்டைக் கட்டவிடாமல் தடுக்கும் லுபெனுரான் மாத்திரை வந்தது. பாலூட்டிக்கு ஓடும் இல்லை, அந்த ஹார்மோனும் இல்லை. அதனால் பூனைக்குக்கூடப் பெரிய பயமில்லை.

தெள்ளின் வாழ்க்கையைப் பார்த்தால் இதுதான் சரியான வழி. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை போடும். அவை உதிர்ந்து பாயிலும் கம்பளத்திலும் விழும். வீட்டில் உள்ள மொத்தக் கூட்டத்தில் பிராணியின் மேல் ஓடும் பெரிய தெள்ளு 5 சதவீதம்தான். மிச்சம் தரையில் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகக் கிடக்கிறது. ஆனால் காசு கொடுத்து மருந்து வாங்குகிறவருக்கு இன்று ராத்திரியே நாய் சொறிவது நிற்க வேண்டும். அடுத்த தலைமுறைத் தெள்ளு பிறக்காது என்று சொன்னால் யார் காத்திருப்பார்கள்? அதனால் இந்த மருந்துகள் தனியாக நிற்க முடியாமல், கொல்லும் மருந்தோடு துணைக்குச் சேர்ந்துகொண்டன.

கொல்லும் மருந்துகளில் 1990-களின் நடுவில் வந்த ஃபிப்ரோனிலும் இமிடாகுளோப்ரிடும் பழைய ஆர்கனோபாஸ்பேட்டுகளைக் கடையிலிருந்து விரட்டின. பூனைக்கும் தனி அளவில் போடலாம். (ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது. அதையும் சிலர் முயல் செத்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.) கழுத்துப்பட்டையும் மறுபிறவி எடுத்தது. இமிடாகுளோப்ரிடும் ஃப்ளூமெத்ரினும் கலந்த செரெஸ்டோ பட்டைக்கு அமெரிக்கா 2012-ல் அனுமதி கொடுத்தது. அமெரிக்கப் புகார்க் கணக்கைப் பார்த்துக் கனடா 2016-ல் அதே பட்டைக்கு அனுமதி மறுத்தது. 2021-ல் பத்திரிகைகள் 75,000-க்கும் மேற்பட்ட புகார்களையும் சுமார் 1,700 இறப்புகளையும் வெளிக்கொண்டுவந்தன. 2022-ல் இதை விசாரித்த நாடாளுமன்றத் துணைக்குழுவின் தலைவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி, தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பட்டையைத் திரும்பப் பெறச் சொன்னார், நிறுவனம் மறுத்தது. புகார் வந்ததாலேயே பட்டைதான் கொன்றது என்று ஆகிவிடாது, கோடிக்கணக்கில் விற்ற பொருளுக்குப் புகாரும் நிறைய வரும் என்பது நிறுவனத்தின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023-ல் முகமை, பெரும்பாலான இறப்புகளைப் பட்டையோடு முடிச்சுப்போட முடியவில்லை என்று சொல்லி, கூடுதல் எச்சரிக்கையோடும் கண்காணிப்போடும் ஐந்து வருட அனுமதி கொடுத்தது. முடிச்சுப்போட முடியாததற்கு ஒரு காரணம், பல புகார்களில் போதிய விவரமே வாங்கி வைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2013-க்குப் பிறகு வந்த ஐசாக்ஸசோலின் மாத்திரைகள் கைக்கும் ரோமத்துக்கும் நடுவில் இருந்த பிரச்சினையைத் தீர்த்தன. மருந்து ரத்தத்தில், தெள்ளு கடித்தால்தான் சாகும், குழந்தை தாராளமாக நாயைக் கட்டிக்கொள்ளலாம். 2018-ல் அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் சில நாய், பூனைகளுக்கு இவற்றால் நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று எச்சரித்தது, ஆனால் பெரும்பாலான பிராணிகளுக்குப் பாதுகாப்பானவை என்றும் சொன்னது.

கடைசிக் கணக்கு ஆற்றிலிருந்து வந்தது. ஃபிப்ரோனிலை விவசாயத்தில் பயன்படுத்துவது ஐரோப்பாவில் 2017-ல் முடிந்துவிட்டது. தேனீக்களைக் காக்க இமிடாகுளோப்ரிடைத் திறந்த வெளியில் தெளிப்பது 2018-ல் தடை செய்யப்பட்டது. ஆனால் 2016 முதல் 2018 வரை இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த தண்ணீரை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2021-ல் வெளியிட்டபோது 98 சதவீத மாதிரிகளில் ஃபிப்ரோனில், 66 சதவீதத்தில் இமிடாகுளோப்ரிட். வயலில் அடிக்காத சரக்கு ஆற்றுக்கு எங்கிருந்து வந்தது? கழிவுநீர் ஆலைகளின் வாய்க்குக் கீழேதான் அளவு அதிகம். நாயைக் குளிப்பாட்டிய தண்ணீர், நாய்ப் படுக்கையைத் துவைத்த தண்ணீர். பின்னால் செய்த ஆய்வில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வழியாகத் தெரிந்தது, வளர்ப்பவர்கள் கை கழுவிய தண்ணீர். மருந்து போட்டு 28 நாள் ஆன பிறகும் நாயைத் தடவிய கையிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்தது. மருந்து போட்டதும் கையை நன்றாகக் கழுவவும் என்று குப்பியின் லேபிளிலேயே எழுதியிருக்கிறது.

2025-ல் வந்த இன்னொரு ஆய்வு பறவைக் கூடுகளைப் பற்றியது. பிரிட்டனில் சில சிட்டுகள் கூட்டுக்குள் மெத்தை போட நாய், பூனை, குதிரை என்று கிடைக்கிற ரோமத்தையெல்லாம் பொறுக்கிக் கொண்டுபோகும். அப்படிப்பட்ட 103 கூடுகளைச் சோதித்தார்கள். ஃபிப்ரோனில் இல்லாத கூடு ஒன்றுகூட இல்லை. பூச்சிமருந்து அதிகம் இருந்த கூடுகளில் பொரிக்காத முட்டைகளும் செத்த குஞ்சுகளும் அதிகம் இருந்தன.